இருபத்தொரு எலும்பு ஆணிகள்

"ஆறு மாதந்தானே," என்றான் றெக்ஸ்.

"ஆறு மாதமெண்டா ஆறு மாதம். பேந்து இன்னும் ஆறு மாதம் எண்டு வந்து நிக்கக் கூடாது," என்றாள் இமெல்டா.

"இந்த ஆறு மாத நைட் வேலை முடியுமட்டும் கீழ படுக்கிறன்; முடிய மேல வந்திடுவன். காலமை ஆறரைக்கு வந்து, கதவைத் திறந்து, கட்டிலைக் குலுக்கி, உம்மையும் எழுப்பிப் பிள்ளையையும் எழுப்பி... என்னத்துக்கு? கீழ எண்டா இருட்டு. நானும் நித்திரை கொள்ளலாம், நீரும் நித்திரை கொள்ளலாம்."

"பேஸ்மென்டில குளிரும்."

"ஹீற்றர் இருக்கு."

"எலியும் இருக்கு."

"எலிக்கும் நைட் வேலைதான். ரெண்டு பேரும் ஒண்டா வந்து ஒண்டா படுப்பம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போர்வையை மடித்து, தலையணையை அக்குளில் இடுக்கி, தானே படியிறங்கிக் கொண்டுபோய்ப் போட்டாள். பழைய சோபாவை விரித்தால் கட்டிலாகும். விரித்துக் கொடுத்தாள்.

அது நடந்து எட்டு வருடம். அப்போது மெலனிக்கு ஒன்பது வயது. இப்போது பதினேழு; தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை. ஆறு மாதம் ஆறு வருடமாகித்தான் றெக்ஸின் இரவு வேலை முடிந்தது. மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொள்கலன்களில் வருகிற சாமான்களை இறக்கி அடுக்குகிற களஞ்சியத்தில் அவனுக்கு வேலை. ஒரு நவம்பர் மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வாற திங்களில இருந்து பகல் வேலை," என்றான்.

"நல்லது," என்றாள் இமெல்டா.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? மேலே வாருங்கள் என்றுதான். அவன் தானாக வருவான் என்று அவள் இருந்தாள். அந்தத் திங்கள் போயிற்று, அடுத்த திங்களும் போயிற்று. அவன் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "சரி அப்ப," என்று சொல்லிப் படியிறங்கிப் போய்க்கொண்டேயிருந்தான். இரண்டு வருடமாக அதே "சரி அப்ப."

கேட்டுவிடலாம்; ஒரு வசனந்தான். ஆனால் கேட்டால் பதில் வரும். "இல்லையப்பா, எனக்குக் கீழதான் வசதி" என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டால்? அதைக் கேட்ட காதோடு அதே வீட்டில், அதே குசினியில், அவனுக்கு எப்படித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது? அந்தப் பதிலைக் கேட்பதைவிடக் கேட்காமலே இருப்பது மேல் என்று இமெல்டா முடிவு செய்திருந்தாள். அப்படி முடிவு செய்த ஒவ்வொரு இரவும் அவள் களைத்துப்போய்த்தான் இருந்தாள். களைப்பு நல்ல சாட்டு. எதையும் அதன் தலையில் போடலாம்.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் அவர்கள் இருந்தது ஒரு வீட்டின் கீழ்த்தளமும் அதன் பேஸ்மென்டும். இரண்டு தளத்துக்கும் இடையே பதின்மூன்று படி. அந்தப் பதின்மூன்று படி வழியாக இப்போது போய்வந்த கதையெல்லாம் "பால் முடிஞ்சுது", "குப்பை போட்டாச்சோ", "மெலனி எத்தினை மணிக்கு வாறாளாம்" என்பவைதான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கவும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

இமெல்டாவின் வேலை, நகரின் தொழிற்சாலைப் பகுதியான சென்ட் லோரன்டில். முதலில் அங்கே மருந்துத் தொழிற்சாலையில் குப்பி அடுக்கினாள். அது மூடியபோது, உடையக்கூடிய சாமானை உடையாமல் அடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் அவளை இரண்டு தெரு தள்ளி ஒரு சிவப்புச் செங்கல் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு கிட்டங்கி மாதிரித்தான் இருக்கும். உள்ளே போனால், நாடு முழுக்க மண்ணைத் தோண்டி எடுத்த பழம்பொருட்கள் தட்டுத் தட்டாக இருந்தன. பீங்கான் ஓடு, புகைக்குழாய்த் துண்டு, துருப்பிடித்த கதவுப் பூட்டு. மூன்று மாத வேலை என்று போனவள் ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறாள்.

போன வருடம் முழுவதும் அவளுடைய மேசையில் இருந்தது ஒரே ஒரு தொகுதி. வடக்கே, மரம் முளைக்காத கரையில், இனுயிட் மக்களின் ஒரு சிறு ஊருக்குப் பக்கத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் விமானப் பாதை போட்டார்கள். போடுவதற்கு முன் அவசர அவசரமாகத் தோண்டி எடுத்த சாமான்கள் அவை. அறுநூற்றுச் சொச்சம். பெரும்பாலும் எலும்பு, கொஞ்சம் மான்கொம்பு, கொஞ்சம் வால்ரஸ் தந்தம். ஈட்டி முனைகள், பனிவெளிச்சம் கண்ணைக் கூசாமலிருக்கக் கட்டுகிற கீறல் வைத்த கண்மறைப்பு, தையல் ஊசி போட்டு வைக்கிற பறவை எலும்புக் குழாய், தோல் சுரண்டுகிற கத்தியின் கைப்பிடி. ஐம்பது வருடமும் கடதாசிப் பையில் கிடந்தவை இப்போது சொந்த ஊருக்குத் திரும்பிப் போகின்றன. அங்கே ஒரு பண்பாட்டு நிலையம் கட்டிவிட்டார்களாம்.

ஒவ்வொன்றுக்கும் வெள்ளை ஃபோமில் அதனதன் உருவத்துக்குப் பள்ளம் வெட்டிப் படுக்க வைப்பது இமெல்டாவின் வேலை. எலும்பு பார்க்கத்தான் உறுதி. உறைந்த மண்ணிலிருந்து எடுத்தது. அறையின் ஈரப்பதம் திடீரென்று இறங்கினால் நீளத்துக்கு வெடித்துவிடும். மொன்றியல் குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட அறைக் காற்று அப்பளம் காயப்போடலாம் போல இருக்கும். அதனால் அவள் காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன் சுவரிலிருக்கிற ஈரமானியைத்தான் பார்ப்பாள்.

அந்தத் தொகுதியில்தான் இருபத்தொரு ஆணிகள் இருந்தன. விரல் நீளம், சிலது கொஞ்சம் கூட. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் சின்னக் குமிழ்த் தலை. பழைய பட்டியலில் "பயன் தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. மேலாளர் ஜோசேக்கு உயிர், பழைய மொன்றியலின் பீங்கானும் புகைக்குழாயும்; வடக்குச் சாமான் பற்றி அவளுக்கும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இமெல்டாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவள் பேசாலை என்ற மீன்பிடி ஊர்க்காரி. அவளுடைய அப்பா இதே மாதிரி ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். உப்புத் தண்ணியில் ஊறி இறுகிப்போன கயிற்று முடிச்சுக்குள் கூரை விட்டு நெம்பினால் முடிச்சு நெகிழும். நுனி கறுத்திருந்ததைக் கண்டபோது அவளுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. அப்பாவின் ஆணி நுனியும் கயிற்றுத் தாரில் கறுத்துத்தான் இருக்கும்.

சொன்னாள். ஜோசே துள்ளிக் குதிக்காத குறை. "பயன் தெரியவில்லை" என்பதை வெட்டிவிட்டு "வலை, கயிற்று முடிச்சு நெகிழ்த்தும் கருவி" என்று எழுதி, ஆறாம் பெட்டியில் மீன்பிடிச் சாமான்களோடு சேர்த்து, அறிக்கையின் அடிக்குறிப்பில் இமெல்டாவின் பெயரையும் போட்டாள். இமெல்டா அதை வீட்டில் ஒரு நாள் சோறு போடும்போது சொன்னாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது தியாகராசா அண்ணை பிடித்துக்கொண்டார்.

"என்ன இமெல்டா, எஸ்கிமோவுக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் குடுக்கிறீராம்?"

"இனுயிட் எண்டு சொல்லுங்கோ அண்ணை. ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"உம்மட மனிசன்தான். ஒரு கிழமையா இந்தக் கோயிலுக்கு வேற சுவிசேஷம் இல்லை."

அவள் திரும்பிப் பார்த்தாள். றெக்ஸ் தூரத்தில், கார் கண்ணாடியில் இல்லாத பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றான்.

பெப்ரவரியில் வடக்கிலிருந்து லூயிசா வந்தாள். அந்த ஊர்ப் பண்பாட்டு நிலையத்துக்காரி. பெட்டிகளைச் சரிபார்த்துக் கொண்டுபோக வந்தவள். இமெல்டாவின் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. பனிப்புயலால் இரண்டு நாள் வழியில் ஒரு விமான நிலைய வாங்கில் படுத்து வந்திருந்தாள். கைகுலுக்கியவுடன் கேட்ட முதல் கேள்வி, "உட்கார ஒரு கதிரை இருக்கிறதா?" இமெல்டாவுக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறாம் பெட்டியைத் திறந்தார்கள். லூயிசா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். சீட்டை வாசித்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று இமெல்டா பயந்துபோனாள். சிரிப்பு.

"இதை யார் எழுதியது?"

ஜோசே கூரையைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் இமெல்டா.

"உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா?"

"இருக்கு. அப்பா மீன்பிடிகாரர்."

"அதுதான். கடல் தெரியாத ஆள் இவ்வளவு நல்ல பிழை விட முடியாது." லூயிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையுறை போட்ட விரலால் ஓர் ஆணியை எடுத்து, குப்பைக்குப் போக இருந்த ஃபோம் துண்டு ஒன்றில் கத்தியால் ஒரு கீறல் போட்டாள். ஆணியால் கீறலுக்குக் கிட்ட, தொடாமல், காட்டினாள். கடல்நாயை ஈட்டியால் குத்தினால் காயத்தால் இரத்தம் போகும். இரத்தமும் சாப்பாடுதான், ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டார்கள். ஆனால் வீடு பக்கத்திலா இருக்கிறது? பனிக்கட்டிக்கு மேல் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்காகக் காயத்தின் இரண்டு பக்கத்துத் தோலையும் சேர்த்துப் பிடித்து, இந்த ஆணியைக் குறுக்கே குத்தி, தலையில் நூலைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். குமிழ்த் தலை நூல் வழுக்காமலிருக்க.

"உங்கள் அப்பாவின் ஆணி திறக்க. எங்களுடையது மூட," என்றாள் லூயிசா.

"நுனியில கறுப்பு..."

"இரத்தமாக இருக்கலாம். வெறும் மண்ணாகவும் இருக்கலாம். தார் இல்லை."

இமெல்டாவுக்குக் காது சுட்டது. ஒன்பது வருடத்தில் அவளுடைய பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு வரியில்தான். அந்த வரியை இனி எடுக்க வேண்டும். அது மட்டுமா? இருபத்தொரு ஆணியும் ஆறாம் பெட்டியிலிருந்து வேட்டைச் சாமான் இருக்கிற நாலாம் பெட்டிக்குப் போக வேண்டும். இரண்டு பெட்டிக்கும் ஃபோம் புதிதாக வெட்ட வேண்டும். பிரெஞ்சு, இங்கிலீஷ், இனுயிட் என மூன்று மொழியிலும் சீட்டு மாற்ற வேண்டும். திங்கள் காலை ஏழு மணிக்கு லொறி.

"சனிக்கிழமை என் மகனுக்கு ஹொக்கிப் போட்டி," என்றாள் ஜோசே, குற்றம் செய்தவள் போல.

"நான் வாறன். என்ர பிழைதானே," என்றாள் இமெல்டா.

அன்று வீட்டுக்கு வந்து றெக்ஸிடம், "நாளைக்கு வேலை இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அவன் தலையைத் தூக்காமலே, "எத்தினை மணிக்கு முடியும்?" என்றான்.

"ஒரு மணி ஆகும்."

"வந்து ஏத்திறன். சனிக்கிழமை பஸ்ஸை நம்பேலாது." கோப்பையைக் கழுவினான். "சரி அப்ப."

சனிக்கிழமை அந்தப் பெரிய கட்டடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான். ஹீற்றர் குழாய்க்குள் எங்கேயோ தட்டுகிற சத்தம். லூயிசா ஆணியை ஒவ்வொன்றாக அளந்து சொல்ல, இமெல்டா பள்ளம் வெட்டினாள். இரண்டு பேருக்கும் முதுகு நோ. பதினொரு மணிக்கு இமெல்டா சாப்பாட்டுப் பெட்டியை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்த் திறந்தாள். புட்டும் மீன் குழம்பும். இரண்டு பேருக்கும் போதுமாகத்தான் கொண்டுவந்திருந்தாள். லூயிசா குழம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தலை யாருக்கு?"

"நீங்கள் சாப்பிடுவீங்களோ?"

"ஜோசேக்கு முன்னால் கேட்க வெட்கமாக இருந்திருக்கும்," என்று சொல்லித் தலையை எடுத்துக்கொண்டாள். கண்ணையும் கன்னத்தையும் அவள் உறிஞ்சிச் சாப்பிட்ட விதத்தைப் பார்க்க இமெல்டாவுக்கு உறைப்புத்தான் கொஞ்சம் கவலையாக இருந்தது. லூயிசா மூக்கை உறிஞ்சினாள், ஆனால் நிறுத்தவில்லை.

லூயிசாவின் புருஷன் அவர்களுடைய ஊர் விமானப் பாதையில் பனி தள்ளுகிற வாகனம் ஓட்டுகிறவன். இவள் வெளிக்கிட்ட நாளிலிருந்து தினமும் போன். "டின் திறக்கிற கருவி எங்கே என்று கேட்கிறான். இருபது வருடமாக ஒரே குசினி லாச்சியில் இருக்கிறது. உங்களுடைய ஆள்?"

"என்ர ஆள் ஒண்டும் கேக்கிறேல்லை," என்றாள் இமெல்டா. "எல்லாம் தானே எடுத்துக்கொள்ளுவார்."

"நல்ல ஆள்."

"ஓம். நல்ல ஆள்தான்."

சொல்லிவிட்டு அவள் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு, வேலையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்.

"அந்த ஆணி... வீட்டை கொண்டுபோன பிறகு என்ன செய்வினம்?"

"கழற்றுவார்கள். வேறு என்ன? அது வழிக்குத்தானே. என் சித்தப்பா மரத்தில் செய்து வைத்திருந்தார். வாசலில் வந்து இறக்கியதும் முதல் வேலை ஆணியைக் கழற்றுவது. ஒரு முறை களைப்பில் கழற்றாமல் படுத்துவிட்டார். எல்லாம் உறைந்துபோய், அடுத்த நாள் சித்தி கோடரியால் கொத்தி எடுத்தார். அவர் ஏசின ஏச்சு இன்றைக்கும் ஊரில் பேச்சு." லூயிசா விரலை நக்கினாள். "களைப்பு எல்லோருக்கும்தான் இருந்தது."

இமெல்டா பெட்டியை மூடிக் கழுவக் கொண்டுபோனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மூட மறந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே றெக்ஸ் வந்துவிட்டான். வழக்கமாக வெளியே காருக்குள்தான் இருப்பான். அன்று குளிர் பூச்சியத்துக்கு இருபத்தைந்து பாகை கீழே; லூயிசா போய்க் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள். சப்பாத்துப் பனியை மிதியடியில் தட்டிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, பூசைக்கு வந்தவன் மாதிரி மேசைக்குக் கிட்ட வந்து நின்றான். நாலாம் பெட்டி திறந்திருந்தது. புது ஃபோமில் இருபத்தொரு ஆணியும் வரிசையாகப் படுத்திருந்தன.

அவனுடைய முகம் மலர்ந்தது.

"இதுதானே?" என்று லூயிசாவைப் பார்த்து இங்கிலீஷில் ஆரம்பித்தான். "இது என் மனைவி கண்டுபிடித்தது. உங்களுக்குச் சொன்னாளா? ஐம்பது வருடமாக ஒருத்தருக்கும் தெரியாது. இவளின் அப்பா கடல்காரர். ஒரு பார்வைதான் பார்த்தாளாம்."

இமெல்டாவுக்கு மேசைக்குக் கீழே போய் இருக்கலாம் போலிருந்தது. லூயிசா அவளைப் பார்த்தாள், றெக்ஸைப் பார்த்தாள்.

"உங்கள் மனைவியின் கை நல்ல கை," என்றாள் மெதுவாக. "ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒன்றுகூட."

அவர்கள் போகும்போது லூயிசா இமெல்டாவைக் கட்டிப்பிடித்தாள். மீன் குழம்பு வாசம் இருவரிலும் அடித்தது.

  காரில், நெடுஞ்சாலையில், கடைக்குப் போய் அரிசி எடுக்கவா என்று றெக்ஸ் ஒரு தரம் கேட்டான், வேண்டாம் என்றாள். வில்லரேக்குள் வந்து தங்கள் தெருவுக்குத் திரும்பியபோது முன்னால் போக இடமில்லை. பனி அள்ளிக்கொண்டிருந்தார்கள். பெரிய இயந்திரம் ஒன்று தெருவோரப் பனிமேட்டைத் தின்று தின்று, பக்கத்தில் ஊர்கிற லொறிக்குள் துப்பிக்கொண்டு போனது. ஒரு லொறி நிறைந்தால் அடுத்தது. பின்னால் இன்னொரு கார் வந்து நின்றுவிட்டது. திரும்பவும் முடியாது.

"அரை மணித்தியாலம் ஆகும்," என்றான் றெக்ஸ். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். மூடிய கண்ணுக்குக் கீழே தோல் கறுத்திருந்தது. எப்போது இவ்வளவு கறுத்தது என்று இமெல்டாவுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்து, பகல் வெளிச்சத்தில், இவ்வளவு கிட்ட அவனைப் பார்த்து எத்தனை நாள்?

"இஞ்சேருங்கோ," என்றாள். "அது பிழை."

"எது?"

"அந்த ஆணி. முடிச்சு நெகிழ்த்துறது இல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது கடல்நாயின்ர காயத்தை மூடுறது. இண்டைக்கு அதை மாத்தத்தான் போனனான். என்ர பேரையும் எடுத்தாச்சு."

அவன் கண்ணைத் திறந்தான். இயந்திரத்தைப் பார்த்தான்.

"எத்தினை கிலோ இருக்கும்?"

"என்ன?"

"கடல்நாய்."

"எனக்கென்ன தெரியும்? பனியில இழுத்துக்கொண்டு வரவேணுமாம். வழியில இரத்தம் போகாமல் குத்தி வைக்கிறதாம்."

"கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்றான் அவன். "தியாகராசா அண்ணை இனி விடமாட்டார்."

"உங்களை ஆர் சொல்லச் சொன்னது? ஊரெல்லாம் பறையடிச்சுக்கொண்டு. இப்ப லூயிசாவுக்கு முன்னாலயும்."

கோபமாகத்தான் சொன்னாள். அவன் திருப்பிக் கோபிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்தான்.

"வேற என்னத்தைச் சொல்லுறது, இமெல்டா? உம்மைப் பற்றி எனக்கு இப்ப வேற என்ன தெரியும்? கோயில் வாசல்ல மனிசர் கேப்பினம், மனிசி என்ன செய்யிறா எண்டு. சுகமா இருக்கிறா எண்டு சொல்லுவன். அந்தக் கிழமைதான் நீர் எனக்கு ஒரு கதை முழுசாச் சொன்னீர். சோறு போட்டுக்கொண்டு. அப்பாவின்ர இடுப்பில செருகியிருக்கிறது, தார் மணக்கிறது எல்லாம். அதைத்தான் வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

லொறி ஒன்று நிறைந்து போனது. அடுத்தது ஊர்ந்து வந்தது. இமெல்டாவுக்கு அழவும் வலுவில்லாத களைப்பு.

"அண்டைக்கு நீங்கள் ஏன் வரேல்லை?" என்று கேட்டாள்.

"எண்டைக்கு?"

"பகல் வேலை தொடங்கின அண்டைக்கு."

அவன் விளங்கவில்லை என்று நடிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"வந்தனான்," என்றான்.

"எப்ப?"

"அண்டைக்குத்தான். தலையணையும் கொண்டுதான் வந்தனான். நீர் நித்திரை. என்ர பக்கம் முழுக்க உடுப்பு. தோய்ச்சு மடிச்சு, மெலனியின்ர, உம்மட, என்ர எல்லாம். மலை மாதிரி. ஒரு இடமும் இல்லை."

"எடுத்துக் கதிரையில வைச்சிருக்கலாமே."

"வைச்சிருக்கலாம்." மூக்கைத் துடைத்தான். "எனக்கு இடம் இல்லாமல் இருக்கட்டும் எண்டுதான் அடுக்கியிருக்கிறீர் எண்டு நினைச்சன். தனியப் படுத்துப் பழகிட்டா போல, விடுவம் எண்டு நினைச்சன்."

"நேரமில்லாமல் அடுக்கினது, றெக்ஸ். மடிச்சபடி சரிஞ்சு நித்திரையாப் போனனான். வேற ஒண்டும் இல்லை."

"எனக்கென்ன தெரியும்."

"அடுத்த நாள் கேட்டிருக்கலாம்."

"நீரும் கேக்கேல்லையே."

 ஒரு மலை உடுப்பு. இரண்டு வருடம். அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் நின்று, மற்ற ஆளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்து... யாருக்கு வசதியாக இருந்தது? அவனுக்கு முதுகு நோவாம். சோபாவின் நடுக்கம்பி வளைந்துவிட்டது என்று மெலனிதான் ஒரு நாள் பிரெஞ்சில் சொன்னாள். இமெல்டா கேட்காதது போல இருந்துவிட்டாள். கேட்டதாகக் காட்டினால் மற்றதையும் கேட்க வேண்டி வரும் என்று.

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். அடித்து என்ன ஆகப் போகிறது? இயந்திரம் அதன் பாட்டில் தின்றுகொண்டு போனது. ஹீற்றர் இரைச்சல் காருக்குள் பெரிதாகக் கேட்டது. இமெல்டா கையை நீட்டி அதைக் குறைத்தாள். சொல்வதை ஒரு தரந்தான் சொல்ல முடியும், இன்னொரு தரம் சொல்லக் கேட்டால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன, வேர்க்குதோ?"

"இல்லை." அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொல்ல நினைத்தாள். பிறகு, அது வேண்டாம் என்று அவனுடைய முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தனியப் படுத்துக் களைச்சுப்போச்சு. இண்டையில இருந்து மேல வந்து படுங்கோ."